பத்தடி அகலப் படகை ஒஹாயோவிலிருந்து சிம்கோ ஏரிக்கு நானே இழுத்து வரலாமா?

கேள்வி:

அண்ணா வணக்கம். நான் ஒன்ராறியோவில் மார்க்கம் நகரத்தில் இருக்கிறேன். ஒஹாயோ மாநிலம் சண்டஸ்கியில் 30 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு பழைய குரூசர் படகு விலைக்கு வந்திருக்கிறது. ட்ரெயிலரையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார் உரிமையாளர். அதைச் சிம்கோ ஏரிக்குக் கொண்டுவர வேண்டும். என்னிடம் எஃப்-150 ட்ரக்கும் சாதாரணமாகக் கார் ஓட்டுகிற ஜி லைசென்ஸும் இருக்கின்றன. 17 வயது மகனைக் கூட்டிக்கொண்டு போய் நாங்களே இழுத்து வரலாம் என்று நினைக்கிறேன். மூன்று மாநிலம், ஒரு நாட்டு எல்லை தாண்ட வேண்டும். என்னென்ன கடதாசிகள் வேண்டும்? பிறகு கோடைகளில் அமெரிக்கப் பக்கத்து ஏரிகளுக்கும் கொண்டுபோக ஆசை. அப்பா மயிலிட்டியில் வள்ளம் வைத்திருந்தவர். 1990இல் அதை விட்டுவிட்டு வந்தபிறகு சொந்தப் படகு என்று ஒன்றில் அவர் ஏறவில்லை. இந்தக் கோடையில் அவரை ஏற்றிவிட வேண்டும்.

பதில்:

அன்பின் தம்பிக்கு வணக்கம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். படகு நல்ல நிலையில் இருந்தால் வாங்குங்கள். ஆனால் உங்கள் ட்ரக்கில், உங்கள் லைசென்ஸில், அதை நீங்களே இழுத்து வர வேண்டாம். 22 வருடமாகப் படகு ஏற்றி இறக்குகிற தொழிலில் இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கிற ஆசை எனக்கு விளங்குகிறது. அப்பாவை இந்தக் கோடையில் படகில் ஏற்றுவதற்கு வழி இருக்கிறது, அதையும் கீழே சொல்கிறேன். முதலில், ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைப் பார்ப்போம்.

இந்த மாதிரிக் கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் அகலத்தைப் பற்றித்தான் யோசிப்பார்கள். உங்கள் விஷயத்தில் அகலம் இரண்டாவது. முதலாவது பாரம்.

விற்பவர் காட்டுகிற விளம்பரத் தாளில் ஒரு எடை போட்டிருக்கும். 30 அடி குரூசருக்கு 10,000 இறாத்தல் என்று வைத்துக்கொள்வோம். அது வெறும் படகின் எடை. எரிபொருள் இல்லை, தண்ணீர் இல்லை, நங்கூரம், சங்கிலி, பற்றரி, மெத்தை, சமையல் சாமான் எதுவும் அதில் இல்லை. 450 லீற்றர் பெற்றோல் நிரப்பினால் கிட்டத்தட்ட 330 கிலோ, அதாவது 730 இறாத்தல். தண்ணீர்த் தொட்டியில் 100 லீற்றர் இருந்தால் இன்னும் 220. சாமான்களுக்கு ஒரு 500 போடுங்கள். இந்த அளவு படகைத் தாங்குகிற ட்ரெயிலரே 2,800 இறாத்தல் வரும். கூட்டிப் பாருங்கள்: 14,250 இறாத்தல். கிலோவில் 6,460க்குக் கொஞ்சம் கூட.

ஒன்ராறியோவில் ஜி லைசென்ஸ் வைத்திருப்பவர் இழுக்கக்கூடிய ட்ரெயிலரின் மொத்த எடை 4,600 கிலோவைத் தாண்டக்கூடாது. வாகனமும் ட்ரெயிலரும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டக்கூடாது. உங்கள் சுமை முதல் எல்லையையே ஏறக்குறைய 1,900 கிலோவால் தாண்டுகிறது. ஏ வகுப்பு லைசென்ஸ் இல்லாமல் நீங்கள் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடாது. எல்லாம் நல்லபடி நடந்தால் ஒருவரும் கேட்கப் போவதில்லை என்று சிலர் சொல்வார்கள். நடக்காவிட்டால் காப்புறுதி நிறுவனம் கேட்கிற முதல் கேள்வியே அதுதான், தம்பி. வீடு, சேமிப்பு எல்லாம் போய்விடக்கூடிய கேள்வி அது.

ட்ரக்கும் தாங்காது. எஃப்-150 நல்ல வாகனம், குறை சொல்லவில்லை. சாரதி பக்கக் கதவைத் திறந்தால் கதவுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ட்ரெயிலரின் மூக்கு ட்ரக்கின் கொளுவியில் அழுத்துகிற பாரமும் அந்தக் கணக்கில்தான் வரும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் அழுத்த வேண்டும், குறைந்தால் ட்ரெயிலர் பாம்பு மாதிரி வளைந்து ஆடத் தொடங்கும். உங்கள் சுமைக்கு அது 1,400 இறாத்தலுக்கு மேல். அதோடு நீங்கள், மகன், கருவிப் பெட்டி. இப்போதே வெளியே போய் அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். அநேகமாக அந்த எண் இதற்குப் போதாது. இந்தப் படகுக்கு ‘ஒரு தொன்’ வகுப்புப் பெரிய ட்ரக், பின்னால் இரட்டைச் சில்லு வைத்தது, அதுதான் சரி. ஒரு தடவைப் பயணத்துக்காக அதை வாங்குவது காசைக் கரியாக்குகிற வேலை.

சரி, இப்போது அகலம்.

அமெரிக்காவில் பெரிய நெடுஞ்சாலைகளில் பேர்மிட் இல்லாமல் போகக்கூடிய அகலம் 102 அங்குலம், எட்டரை அடி. 1980களின் தொடக்கத்தில் மத்திய சட்டம் வைத்த அளவு இது. ஒன்ராறியோவில் 2.6 மீற்றர், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ட்ரெயிலரில் இழுக்கக்கூடியது என்று விற்கிற படகுகளில் ஏராளமானவை சரியாக எட்டரை அடியில் வந்து நிற்பதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். உங்கள் படகு 120 அங்குலம். 18 அங்குலம் அதிகம். அரை அங்குலம் அதிகமாக இருந்தாலும் பேர்மிட் பேர்மிட்தான்.

விளம்பரத்தில் போட்ட அகலத்தை நம்பாதீர்கள். படகின் இரண்டு பக்கமும் ஓடுகிற ரப்பர் விளிம்பைச் சேர்த்து, மிக அகலமான இடத்தில் நாடா பிடித்து அளக்க வேண்டும். அந்த விளிம்பு மட்டும் ஓரிரு அங்குலம் கூட்டிவிடும். தொழிலின் ஆரம்பத்தில் உரிமையாளர் சொன்ன அளவை வைத்துப் பேர்மிட் எடுத்தேன். எடை பார்க்கும் இடத்தில் நிறுத்தி அளந்தபோது மூன்று அங்குலம் கூட. திருத்திய பேர்மிட் வரும்வரை ஒன்றரை நாள் அங்கேயே கிடந்தேன். அன்றிலிருந்து என் நாடாவால் அளக்காத படகை ஏற்றுவதில்லை. உயரத்தையும் அளந்து பாருங்கள். கிழக்கு மாநிலங்களில் உயர எல்லை பொதுவாக 13 அடி 6 அங்குலம், ஒன்ராறியோவில் 4.15 மீற்றர். ட்ரெயிலரில் ஏற்றிய குரூசரின் மேலே ரேடார் பூட்டுகிற வளைவு அதை நெருங்கிவிடும். சில வளைவுகளை மடக்கலாம், சிலவற்றைக் கழற்ற வேண்டும்.

நிறையப்பேர் ஏமாறுகிற இடம் பேர்மிட். அமெரிக்கா முழுவதற்கும் செல்லுபடியாகிற ஒரு பேர்மிட் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டஸ்கியிலிருந்து கிளீவ்லண்ட், அங்கிருந்து ஐ-90 நெடுஞ்சாலையைப் பிடித்து ஈரி ஏரியின் தென்கரையோடு பஃபலோ வரை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். முதலில் ஒஹாயோ பேர்மிட். பிறகு பென்சில்வேனியா. அந்த மாநிலத்தின் ஒரு மூலை மட்டும் ஏரிக்கரையைத் தொடுகிறது, ஐ-90 அதற்குள் ஓடுவது 46 மைல்தான். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான ஓட்டம், அதற்கும் தனிப் பேர்மிட். பிறகு நியூயோர்க். அங்கே பஃபலோ போகிற ஐ-90 கட்டணச் சாலை, அதை நடத்துகிற த்ரூவே அதிகாரசபைக்குத் தனிப் பேர்மிட் முறை இருக்கிறது. மாநிலப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பேர்மிட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சாலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஒஹாயோவின் ரேர்ன்பைக் என்கிற கட்டணச் சாலையும் அப்படித்தான், நல்லவேளையாக உங்கள் வழியில் அதைத் தவிர்க்கலாம்.

எல்லையைத் தாண்டி ஃபோர்ட் ஈரிக்கு வந்தால் ஒன்ராறியோ போக்குவரத்து அமைச்சின் பேர்மிட் வேண்டும். அது மாகாண நெடுஞ்சாலைகளுக்கு மட்டும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி மரீனா வரை போகிற கடைசிச் சில கிலோமீற்றர் நகரசபைத் தெருவாக இருந்தால் நகரசபையிடமும் கேட்க வேண்டும். இடையில் பாலம் இருக்கிறது. பஃபலோவையும் ஃபோர்ட் ஈரியையும் இணைக்கிற பீஸ் பாலம் 1927இல் திறந்தது, மூன்றே லேன். இன்டர்ஸ்டேட் சாலையில் ஒரு லேன் 12 அடி, அங்கே பத்தடிப் படகுக்கு இரண்டு பக்கமும் ஓரடி மிச்சம் இருக்கும். பழைய பாலத்தில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். பாலத்தை நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பேர்மிட் ஒவ்வொன்றிலும் வழி, திகதி, நேரம் எழுதியிருக்கும். பொதுவாகச் சூரிய உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணித்தியாலம் பின்பு வரைதான் ஓடலாம். மழை, பனிமூட்டம், பலத்த காற்று என்றால் ஓரமாக நிற்க வேண்டும். நீண்ட வார இறுதிகளில் பெரும்பாலும் அனுமதி இல்லை. எச்சரிக்கைப் பலகை, சிவப்புக் கொடிகள், சுழல் விளக்கு கட்ட வேண்டும். பத்தடிக்கு இப்படிப்பட்ட பெரிய சாலைகளில் வழிகாட்டி வாகனம் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். 12 அடியைத் தாண்டினால்தான் அந்தச் செலவு சேரும்.

இதில் புதியவர்களுக்குத் தோன்றாத ஒரு சிக்கல் இருக்கிறது. பகலில் மட்டும் ஓடலாம் என்ற விதியும் எல்லையில் காத்திருப்பதும் ஒன்றோடொன்று மோதும். பிற்பகல் நாலு மணிக்குப் பாலத்துக்கு வந்து, சுங்கத்தில் உள்ளே கூப்பிட்டு, கடதாசி பார்த்து, வரி கட்டி வெளியே வரும்போது இருட்டியிருந்தால், கனடா மண்ணில் நின்றுகொண்டே ஒரு அடி நகர முடியாது. நியூயோர்க் பேர்மிட் இன்றோடு முடிந்து ஒன்ராறியோ பேர்மிட் நாளை மறுநாள் தொடங்கினாலும் அதே கதைதான். அதனால் திகதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி எடுக்க வேண்டும். முந்தின இரவு பஃபலோவுக்கு வெளியே ஒரு லாரித் தரிப்பிடத்தில் தங்கி, விடிந்ததும் பாலத்துக்குப் போக வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான்.

அந்தப் பழைய ட்ரெயிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேர்த்துத் தருகிறேன் என்றால் மனம் மகிழத்தான் செய்யும். ஆனால் படகு ட்ரெயிலர்கள் அதிகம் ஓடுவதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை தண்ணீருக்குள் இறங்கி ஏறிவிட்டு மிச்ச நாள் புல்லில் நிற்கும். சூடான சில்லு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது, சீல் பழுதாயிருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேரிங்கின் கிறீஸ் பால் நிறமாக மாறும். அதோடு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் பேரிங் எரிந்து சில்லு கழன்று போகும். எனக்கே நடந்திருக்கிறது. இப்போதுதான் கிறீஸ் மாற்றினேன் என்று விற்றவர் சொன்னதை நம்பி, திறந்து பார்க்காமல் புறப்பட்டேன். இரண்டாவது மணித்தியாலத்தில் பின்னால் புகை. ஓரம் கட்டுவதற்குள் சில்லு என்னை முந்திக்கொண்டு ஓடிப் பள்ளத்துக்குள் விழுந்தது. அந்த நேரம் பக்கத்து லேனில் வாகனம் இல்லை. அந்த நொடியை இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்கும்.

ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ரயரின் மேற்பரப்பு தேயாமல் புதிது போல இருந்தாலும் ஐந்தாறு வருடத்தைத் தாண்டினால் மாற்றியே தீர வேண்டும். ட்ரெயிலர் ரயர்களில் பல மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். இந்தப் பாரத்துக்கு எல்லாச் சில்லிலும் பிரேக் வேலை செய்ய வேண்டும், ட்ரெயிலர் கழன்றால் தானே பிடிக்கிற பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். படகின் மூக்கில் மாட்டுகிற வின்ச் பட்டை படகை ஏற்றுவதற்கு, வழி முழுவதும் அதை நம்பிப் போகக்கூடாது. மூக்குக்கு ஒரு சங்கிலி, பின்புறம் இரண்டு மூலையிலும் பட்டை, நடுவிலும் ஒன்று. ஐம்பது மைல் ஓடியதும் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, சில்லின் நடுக்குடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

உங்கள் அடுத்த கேள்வி, கடதாசிகள். ஒஹாயோவில் 14 அடியும் அதற்கு மேலும் உள்ள படகுகளுக்கு உரிமைப்பத்திரம் உண்டு. வெளியே மாட்டுகிற என்ஜின் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் அதற்கும் தனியாக ஒன்று இருக்கும். படகின் பின்பலகையில் வலது பக்கம் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் பொறித்திருக்கும். அது பத்திரத்தில் உள்ளதோடு ஒரு எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். பத்திரத்தில் வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதம் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் கையெழுத்து வைத்த விற்பனைச் சீட்டில் படகு, என்ஜின், ட்ரெயிலர் மூன்றுக்கும் தனித்தனி விலை எழுதுங்கள்.

கனடாவுக்கு ட்ரெயிலர் ஒரு தனி வாகனம். படகுக்குள் அடங்கிய சாமான் என்று எல்லையில் சொல்ல முடியாது. பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்று உற்பத்தியாளர் அதன் சட்டகத்தில் ஒட்டிய தகடு வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் இறக்குமதி விதிகளில் அது அனுமதிக்கப்பட்டதா என்று காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தனி ஆளிடம் வாங்கினாலும் எல்லையில் விற்பனை வரி உண்டு, ஒன்ராறியோவில் அந்த வரி 13 சதவீதம். அதற்கு மேல் தீர்வை வருமா என்பது படகு எங்கே செய்யப்பட்டது, அன்றைய வர்த்தக விதி என்ன என்பதைப் பொறுத்தது. ஒரு சுங்க புரோக்கருக்குக் கொஞ்சக் காசு கொடுத்து முன்னமே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லையில் நின்று திகைக்க வேண்டியதில்லை. இங்கே வந்ததும் படகுக்கு உல்லாசப் படகு லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஓட்டுகிற உங்களுக்கும் மகனுக்கும் படகோட்டித் தகைமை அட்டை வேண்டும். அதைக் குளிர்காலத்திலேயே இணையத்தில் படித்து எழுதிவிடலாம்.

இன்னொன்றை நான் மன்றாட்டமாகக் கேட்கிறேன். படகைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும், அடியில் தண்ணீர் வடிகிற துளையை அடைத்திருக்கிற கட்டையைக் கழற்றி, ஊறியிருக்கிற தண்ணீர் முழுவதையும் வடியவிட்டு, ஒட்டியிருக்கிற பாசி, செடி, சிப்பி எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல் இது சட்டம், கட்டையைக் கழற்றாமல் சாலையில் படகை இழுக்கவே கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கப்பல்கள் சமநிலைக்காக அடியில் நிரப்புகிற தண்ணீரோடு வந்த வரிச்சிப்பி (zebra mussel) 1988இல் சென் கிளேயர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. சில வருடத்துக்குள் பேரேரிகள் முழுவதும் பரவியது. பிறகு சின்ன ஏரிகளுக்கு அதைக் கொண்டுபோனதில் எங்கள் மாதிரிப் படகுக்காரர்களின் ட்ரெயிலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சிம்கோவில் அது ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாது, அடுத்து எது ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்? என்றைக்காவது மேற்கே போக நினைத்தால், மொன்டானா, அல்பேர்ட்டா போன்ற இடங்களில் படகு இழுக்கிற ஒவ்வொரு வாகனமும் திறந்திருக்கிற சோதனை நிலையத்தில் நின்றே ஆக வேண்டும்.

அப்படியானால் படகை எப்படிக் கொண்டுவருவது? இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, தொழிலாகப் படகு ஏற்றுகிறவரிடம் கொடுப்பது. அவரிடம் ஹைட்ரோலிக் ட்ரெயிலர் இருக்கும், பேர்மிட் எல்லாவற்றையும் அவரே எடுப்பார். இரண்டு நாள் வேலை. விலையை மட்டும் பார்த்து ஆளைப் பிடிக்காதீர்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் அவருக்குக் கொடுத்த எண்ணைக் கேளுங்கள், அதை இணையத்தில் போட்டால் அவருடைய பாதுகாப்புப் பதிவும் காப்புறுதியும் தெரியும். சரக்குக் காப்புறுதிச் சான்றிதழை அவர் அனுப்பும் பிரதியாக அல்லாமல் காப்புறுதிக்காரரிடமிருந்தே நேராக வாங்குங்கள். உங்கள் படகின் விலைக்கு அது போதுமா என்று பாருங்கள். ஏற்றுவதற்கு முன் துணிக்கூரை, இருக்கைத் துணி, நங்கூரம், மின்சாதனம் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே கட்டிவையுங்கள். நெடுஞ்சாலைக் காற்று புயலுக்குச் சமம், கொளுவிவிட்ட துணி ஒன்று கூட மிஞ்சாது. எரிபொருளைக் காற்பங்குக்குக் கீழே வைத்திருங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது வழி தண்ணீர். சண்டஸ்கியும் சிம்கோவும் தண்ணீரால் இணைந்தவை என்பது நிறையப்பேருக்குத் தெரியாது. ஈரி ஏரியைக் கிழக்கே கடந்து போர்ட் கொல்போர்ன், அங்கிருந்து வெலண்ட் கால்வாயில், படகை உள்ளே விட்டுத் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து ஏற்றி இறக்குகிற எட்டு மதகு வழியாக ஏறக்குறைய 100 மீற்றர் கீழே இறங்கி ஒன்ராறியோ ஏரி. இறங்கும் திசைக்குப் படகில் இரண்டு பேர் இருந்தால் போதும். பிறகு ட்ரென்ரன், அங்கிருந்து ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழி. 386 கிலோமீற்றர் நீளமான அந்த வழியில்தான் சிம்கோ ஏரி இருக்கிறது. பீட்டர்பரோவில் 1904இல் திறந்த தூக்கு மதகு, தண்ணீர்த் தொட்டியோடு படகை 65 அடி உயரத்துக்கு அப்படியே தூக்கிவிடும். தண்ணீரில் பத்தடிக்குப் பேர்மிட் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கனடாக் கரையைத் தொட்டவுடன் படகுக்குப் பொறுப்பானவர் சுங்கத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும், அதுவரை வேறு எவரும் இறங்கக்கூடாது.

கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஈரி ஏரி ஆழம் குறைந்தது, சராசரி 19 மீற்றர்தான். காற்று எழுந்தால் குட்டையான செங்குத்து அலை கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். புதிதாக வாங்கிய, குணம் தெரியாத என்ஜினை நம்பி, அனுபவம் இல்லாமல், 17 வயதுப் பிள்ளையோடு அதைக் கடப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வாடகைக்கு ஒரு கப்டனை அமர்த்தினால் செய்யலாம். அதற்கு எரிபொருளும் நாளும் சேர்த்தால் லாரிச் செலவை விடக் குறையாது.

என் யோசனை இரண்டையும் சேர்த்தது. படகை லாரியில் பீட்டர்பரோப் பக்கம் ஒரு மரீனாவில் இறக்கச் சொல்லுங்கள். வேறு மெக்கானிக் ஒருவரை வைத்து என்ஜினை ஓட்டிப் பாருங்கள். பிறகு அங்கிருந்து சிம்கோ வரை நீங்களும் மகனும் அப்பாவுமாகத் தண்ணீரில் வாருங்கள். மதகுகள், சின்ன ஊர்கள், கரையோரம் இரவு கட்டிக்கிடக்க இடம், கால்வாயில் மெதுவான வேகம். வழியில் கேர்க்ஃபீல்டில் இன்னொரு தூக்கு மதகும் வரும். இந்த நீர்வழி மே மாதம் விக்டோரியா தினத்து வார இறுதிக்குச் சற்று முன் திறந்து ஒக்ரோபர் நன்றி நாள் வரை ஓடும். மகனோடு ஐ-90இல் பேர்மிட்டைப் பிடித்துக்கொண்டு போகிற பயணத்தை விட இது அவனுக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டி வராது. மதகுச் சுவரில் கயிறு பிடிக்கிற வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள்.

கோடைகளில் அமெரிக்கப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிற ஆசை இந்தப் படகோடு சரிவராது. ஒவ்வொரு தடவையும் மேலே சொன்ன அத்தனையும் திரும்ப வரும். அதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இதை விட்டுவிட்டு எட்டரை அடி அகலத்தில், ட்ரெயிலரோடு 4,600 கிலோவுக்குள் அடங்குகிற 23, 24 அடிப் படகாகத் தேடுங்கள். அதைக் கொண்டுபோகும்போது புறப்படுமுன் கனேடியச் சுங்கத்தில் என்ஜின், மின்சாதன வரிசை எண்களைப் பதிந்து அட்டை வாங்கி வையுங்கள், திரும்பும்போது இதை எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு அதுவே பதில். கஞ்சா கனடாவில் சட்டபூர்வம்தான், ஆனால் எல்லையைத் தாண்டி எந்தப் பக்கமும் கொண்டுபோகக்கூடாது. விருந்தாளி யாராவது படகு அலுமாரியில் மறந்து வைத்திருந்தாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்.

முற்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் சண்டஸ்கிப் பக்கத்தில் ஒரு படகு மதிப்பீட்டாளரை நீங்களே அமர்த்துங்கள், விற்பவர் சொல்கிற ஆள் வேண்டாம். படகுத் தரையின் ஈரம், என்ஜின், ட்ரெயிலர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் விளிம்போடு அகலம், ட்ரெயிலரில் நிற்கும்போது உயரம், லாரித் தரிப்பிடத் தராசில் போட்ட எடை இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். அந்த எண்களை எனக்கு அனுப்பினால், லாரிக்காரரிடம் என்ன விலை பேசலாம் என்று சொல்கிறேன்.